வட கடல் பிளேஸ் மீன்: வளர்ச்சியும் இருப்பும்

பிளேஸ், நம் கரையோர நாக்கு மீனுக்குத் தூரத்து உறவான தட்டை மீன். வளர்ந்த மீனின் இரு கண்களும் வலப்புறத்திலேயே இருக்கும்; பழுப்பு உடலில் செம்மஞ்சள் புள்ளிகள். வட கடலின் மணல் தரையில் வாழும் இது இழுவைமடியில் எளிதாகச் சிக்கும். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்கிடும் அறிவியல் பெரிதும் இந்த மீனை வைத்தே வளர்ந்தது.

1883-இல் லண்டன் தென் கென்சிங்டனில் நடந்த பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியில் விலங்கியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, பெரிய கடல் மீன்வளங்கள் அநேகமாக வற்றாதவை என்றார். அன்றைய பிடிப்பு முறைகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவர் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த முறைகளோ அப்போதே மாறிக்கொண்டிருந்தன: நீராவி இழுவைக் கப்பல்கள் கடலில் இறங்கிவிட்டன. கப்பல்கள் பெருகினாலும் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் மீன்பாடு குறைவதை 1900-இல் வால்டர் கார்ஸ்டாங் எண்களோடு காட்டினார்.

மீனின் வயதைச் செவிக்கல் சொல்லும். தலைக்குள் இருக்கும் இந்தச் சுண்ணாம்புக் கல்லில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வெவ்வேறு வளையங்கள் படிகின்றன. பிளேஸ் மீனில் அவற்றை எண்ணி வயது காணும் முறையை 1899-இல் ஜெர்மானியரான ரைபிஷ் வெளியிட்டார். வயதையும் நீளத்தையும் சேர்த்து வரைந்தால் முதலில் வேகமாக ஏறிப் பின்னர் தணியும் வளைகோடு கிடைக்கும். அது பெர்டலான்ஃபி வளைகோடு எனப்படுகிறது. மீன்வள ஆய்வாளர்கள் ரே பெவர்டனும் சிட்னி ஹோல்ட்டும் பிளேசுக்குக் கண்ட சராசரி எல்லை நீளம் 68.5 செ.மீ.; அந்த எல்லையை நெருங்கும் வேகத்தைக் குறிக்கும் கெழு ஆண்டுக்கு 0.095. அதாவது, மெதுவாக வளரும் மீன்.

இருப்பைக் கணக்கிட வளர்ச்சி மட்டும் போதாது, சாவும் தெரிய வேண்டும். மீன்பிடிப்பால் சாவது எத்தனை, தானாகச் சாவது எத்தனை என்று பிரிப்பதுதான் கடினம். அதற்கு வழிவிட்டது போர். இரண்டாம் உலகப் போரின்போது வட கடலில் மீன்பிடிப்பு பெரும்பாலும் நின்றுபோனது. அந்த இடைவெளியில் உயிர்தப்பிய மீன்களைக் கொண்டு இயற்கைச் சாவின் வீதம் ஆண்டுக்குச் சுமார் 0.1 என்று மதிப்பிட்டார்கள். போருக்கு முந்தைய பிடிப்புச் சாவின் வீதம் 0.73. இது குறைந்துகொண்டே வரும் இருப்பின் மீது தொடர்ந்து கணக்கிடும் வீதம்; எனவே பிடிபடும் வயதை எட்டிய மீன்களில் ஏறக்குறையப் பாதி ஆண்டுதோறும் வலைக்குப் போயின என்பது இதன் பொருள். வளர விட்டுப் பிடித்திருந்தால் குறைந்த உழைப்பில் கூடுதல் எடை கிடைத்திருக்கும். பெவர்டனும் ஹோல்ட்டும் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் ஆய்வகத்தில் செய்த இந்த வேலை 1957-இல் லண்டன் அரசு அச்சகத்தின் நூலாக வந்தது. துறையில் அதற்கு இணையாக எடுத்தாளப்பட்ட நூல்கள் மிகக் குறைவு.

குஞ்சு மீன் தப்ப வலைக்கண்ணின் குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கும் உடன்படிக்கை அதற்கு முன்பே, 1946-இல், லண்டனில் கையெழுத்தானது. ஆனால் விதி வகுத்தவுடன் கடல் திருந்திவிடவில்லை. 1989-இல் டச்சு, ஜெர்மன், டேனிஷ் கரையோரங்களில் பெரிய இழுவைக் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு விதித்து இளம் பிளேஸ்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். இளம் மீன்களோ அதற்கு வெளியே ஆழத்தை நோக்கி நகர்ந்துவிட்டன. உண்மையான மீட்சி, பிடிப்பின் அழுத்தம் குறைந்த பிறகே வந்தது. 2010-களில் முட்டையிடும் மீன்களின் மொத்த எடை, 1957-இல் தொடங்கும் கணக்கிலேயே மிக உயர்ந்த நிலையை எட்டியது.

தமிழகக் கரைக்கு இந்த முறையை அப்படியே கொண்டுவர முடியாது. வெப்பக் கடல் மீன்களின் செவிக்கல்லில் ஆண்டு வளையங்கள் பெரும்பாலும் தெளிவாகப் படிவதில்லை. எனவே சாளை போன்ற மீன்களின் வளர்ச்சியை, மாதந்தோறும் இறங்குதளங்களில் அளந்தெடுக்கும் நீளக் கணக்கைக் கொண்டே இந்திய ஆய்வாளர்கள் பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள்.