வாசல் மாறிய கரை

இத்தாலியின் தென்மேற்கே, சலேர்னோவை ஒட்டிய வியெத்ரியில் தொடங்கி சொரெந்தோ தீபகற்பத்தின் தென்கரை நெடுக ஓடும் 163ஆம் எண் சாலையின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர்தான். சமவெளியில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய தூரம். இங்கே கோடைக்காலத்தில் அரை நாளைத் தின்றுவிடும். ஒரு பக்கம் லத்தாரி மலையின் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் நேர்கீழே கடல், இரண்டுக்கும் நடுவே எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடம் தேடவேண்டிய ஒரு தார்ச்சாலை. இந்த மந்தகதியையே அமல்ஃபிக் கரையின் அழகாகச் சொல்கிறார்கள். அவசரம் அறியாத ஊர்கள், உலகம் மறந்துவிட்ட மூலைகள் என்ற வர்ணனை பயண எழுத்தில் நிலைத்துவிட்டது. வரலாற்றைப் புரட்டினால் இந்த வர்ணனை தலைகீழாகத் தெரிகிறது. இந்த ஊர்கள் ஒரு காலத்தில் மத்தியதரைக் கடலின் பரபரப்பான முனைகளாக இருந்தன. அன்று அவற்றின் வாசல் கடல் பக்கம் இருந்தது. சாலை வந்த பிறகு அந்த வாசல் கொல்லைப்புறம் ஆயிற்று. நாம் இன்று ரசிக்கும் நிதானம் ஊர்களின் தொன்மையான குணமன்று, அந்தச் சாலையின் குறுகலிலிருந்து பிறந்தது.

பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில், இந்தக் கரைக்குப் பெயர் தந்த அமல்ஃபி நகரம் தனக்கென ஆட்சியும் கப்பற்படையும் கொண்ட வணிகக் குடியரசு. அந்நகர வணிகர்களுக்குக் கான்ஸ்டாண்டிநோபிளில் சொந்தக் குடியிருப்பு இருந்தது. 996ல் கெய்ரோவில் ஃபாத்திமியக் கப்பல்கள் தீப்பற்றி எரிந்தபோது, பழி அங்கிருந்த அமல்ஃபி வணிகர்கள் மேல் விழுந்து, கலவரத்தில் பலர் கொல்லப்பட்டார்கள். அத்தனை பேர் அந்நிய நகரத்தில் தங்கி வாணிகம் செய்தார்கள் என்பதே அந்தத் துயரச் செய்தி தரும் சான்று. ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்காக அவர்கள் நிறுவிய மருத்துவ விடுதியிலிருந்துதான் பின்னாளில் புனித யோவான் வீரர் சபை வளர்ந்தது. அமல்ஃபி பேராலயத்தின் வெண்கலக் கதவுகள் பதினோராம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்தவை. அவ்வளவு எடையுள்ள கதவை மலை தாண்டிக் கழுதை முதுகில் கொண்டுவந்திருக்க முடியாது. மலைக்கு அப்பாலிருந்த நேப்பிள்ஸைவிட, கடலுக்கு அப்பாலிருந்த நகரங்களோடு நெருங்கிப் பழகிய ஊர் இது.

தாள் தயாரிப்பும் இதே பாடத்தைச் சொல்கிறது. அரபு நாடுகளோடு வைத்திருந்த வணிக உறவின் வழியாகவே அமல்ஃபிக்குத் தாள் செய்யும் நுட்பம் வந்தது என்று பரவலாகக் கருதப்படுகிறது. 1231ல், தென்னித்தாலியையும் ஆண்ட இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசர் வெளியிட்ட மெல்ஃபிச் சட்டத்தொகுப்பு, பொது ஆவணங்களைத் தாளில் எழுதக் கூடாது, பதப்படுத்திய தோலில்தான் எழுதவேண்டும் என்று கட்டளையிட்டது. தடுக்கவேண்டிய அளவுக்குத் தாள் புழங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள். நகருக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் கன்னேத்தோ ஓடை ஆலைச் சக்கரங்களைச் சுழற்றியது. சக்கரம் இயக்கிய மரச் சம்மட்டிகள் கந்தல் துணியைக் கூழாக இடித்தன. தண்ணீர் மலை தந்தது. செய்த தாளை வாங்கும் சந்தைகளுக்கு வழி கடல் தந்தது. பள்ளத்தாக்கும் துறையும் சேர்ந்தால்தான் அந்தத் தொழிலுக்கு உயிர்.

சாலைக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. நேப்பிள்ஸை ஆண்ட பூர்போன் மன்னர் இரண்டாம் ஃபெர்தினாந்தின் காலத்தில், 1832ல் தொடங்கிய முதன்மையான கட்டுமானம் 1850களின் தொடக்கத்தில்தான் நிறைவை எட்டியது. அதுவரை ஊருக்கு ஊர் போகப் படகு ஏறினார்கள். இல்லையென்றால் கற்படிகளில் நடந்தார்கள். ஊர்களின் அமைப்பே இதற்குச் சாட்சி. படிக்கட்டுகள் கடற்கரையிலிருந்து மேலேறுகின்றன. சாலையோ அவற்றைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. அத்ரானியில் ஊர்ச் சதுக்கத்துக்கும் மணற்கரைக்கும் இடையே வளைவுத் தூண்கள் மேல் சாலை நிற்கிறது. அந்த வளைவுகளுக்கு அடியில் குனிந்து போவதுபோல்தான் ஊர் இப்போது தன் கடலை அடைகிறது. பொசித்தானோவில் சாலை மேலேயே சென்றுவிடுகிறது, ஊர் கீழே தொங்குகிறது. ஃபுரோரேயில் பாறைப் பிளவின் மேல் ஒரே பாலம். பழைய மீனவர் வீடுகளும் ஆலையும் அதன் காலடியில். சாலை முதலில் வந்து ஊர் பின்னால் வளர்ந்திருந்தால் வீடுகள் சாலையைப் பார்த்து வரிசை கட்டியிருக்கும். இங்கே சாலை அழைக்காமல் வந்த விருந்தாளி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. கடல் வாணிகத்தைக் கொன்றது சாலையா? அமல்ஃபியின் சுதந்திரம் 1131ல் நார்மன் மன்னர் ரோஜரிடம் பறிபோனது. 1135லும் 1137லும் பீசா நகரத்தார் வந்து கொள்ளையடித்தார்கள். 1343 நவம்பரில் எழுந்த பெரும் புயலில் கரையோரப் பகுதி கடலுக்குள் போயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் துருக்கியர் தாக்குதல். 1558ல் சொரெந்தோ சூறையாடப்பட்ட பிறகு கரை நெடுகக் காவல் கோபுரங்கள் பெருகின. ஆக, சாலை போட்ட தொழிலாளர்கள் வந்து சேர்ந்தபோது அந்தப் பழைய பெருமை வெகுகாலத்துக்கு முன்பே மங்கியிருந்தது. இதை மறுக்க இயலாது. ஆனால் பெருமை போனபின்பும் எஞ்சிய பிழைப்பு கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது: மயோரி, மினோரி ஊர்ப் பெண்கள் மலைத் தோட்டத்து எலுமிச்சையை 50 கிலோவுக்கும் மேற்பட்ட சுமைகளாகத் தோளில் ஏற்றிப் படி இறங்கியது கரையில் காத்திருந்த கப்பல்களுக்காக. சாலை பழைய வாணிகத்தைக் கொல்லவில்லை. மிச்சமிருந்த வாழ்க்கையின் முகத்தைத் திருப்பியது. திரும்பிய முகத்தை மட்டும் பார்த்தவர்கள் எழுதியதுதான் பின்னாளில் இந்தக் கரையின் கதையாயிற்று. 1880ல் இந்தக் கரையின் மலையூரான ரவெல்லோவுக்கு வந்த ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர், ரூஃபோலோ மாளிகைத் தோட்டத்தில் தன் ‘பார்சிஃபல்’ இசைநாடகத்தின் மாயத் தோட்டத்தைக் கண்டார். உண்மையில் அது கடல் வாணிகத்திலும் பணப் புழக்கத்திலும் செழித்த ஒரு குடும்பத்தின் வீடு. கணக்குப் புத்தகம் கட்டிய வீட்டைக் கனவு கட்டியதாக நினைப்பது எவ்வளவு எளிது!

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. சாலை மருத்துவரைக் கொண்டுவந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. அமெரிக்காவுக்கு ஆட்கள் கப்பலேறியதால் வெறிச்சோடிய பொசித்தானோ போன்ற ஊருக்கு, 1953ல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் அதைப் பற்றி எழுதிய காலத்துக்குப் பின் பெருகிய பயணிகள்தானே சோறு போட்டார்கள்? போட்டார்கள். கடல் பார்த்த வாழ்க்கையில் வறுமையும் முதுகு ஒடிக்கும் சுமையும் இருந்ததை மறந்து ஏங்குவது அசட்டுத்தனம். ஆனால் இந்தச் சாலையே எதை நம்பி நிற்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அதற்கு மேலே உள்ள சரிவைத் தாங்குபவை, சாந்து பூசாமல் கல் மேல் கல் அடுக்கிய சுவர்கள். அவற்றின் பின்னால் மண் நிரப்பித்தான் எலுமிச்சைத் தோட்டங்களைப் படிப்படியாக அமைத்தார்கள். கல்லிடுக்குகள் வழியாக மழைநீர் கசிந்து வெளியேறும்; சுவரைப் பராமரிக்காவிட்டால் நீர் தேங்கி, மண் கனத்து, சரிவு சரியும். 1954 அக்டோபரில் ஒரே இரவு கொட்டிய மழையில் வியெத்ரி, மயோரி, சலேர்னோ பகுதிகளில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அமல்ஃபியை ஒட்டிச் சரிந்த பாறை சாலையின் ஒரு துண்டைக் கடலோடு கொண்டுபோயிற்று. இந்த விபத்துகளுக்கெல்லாம் கைவிட்ட சுவர்களே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெருமழையும் செங்குத்தான மலையும் எப்போதும் உள்ளவை. ஆயினும் விடுதி வாடகை தோட்ட வருமானத்தை முந்திய பிறகு சுவர் கட்டும் கைகள் குறைகின்றன என்பதும், அச்சுவர்களின் காட்சியைத்தான் அந்த விடுதிகள் விற்கின்றன என்பதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சாலை தந்த செல்வம், சாலையைத் தாங்கும் உழைப்பைத் தின்கிறது.

2022 கோடையில், நெரிசல் தாங்காமல், எண் பலகையின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து வெளியூர்க் கார்களை நாள் மாற்றி விடும் முறை இந்தச் சாலைக்கு வந்தது. வரிசையில் நிற்கும் கார்களுக்குக் கீழே சலேர்னோ, அமல்ஃபி, பொசித்தானோ என்று ஊர் தொட்டுப் போகும் படகுகள் அவற்றைவிட விரைவாகக் கடந்துபோகின்றன. படகிலிருந்து பார்க்கும்போதுதான் பேராலயக் கோபுரமும் காவல் கோபுரமும் படிக்கட்டுகளும் யாரை எதிர்பார்த்து நிற்கின்றன என்பது விளங்கும். அவை ஒருபோதும் திரும்பவில்லை. இன்றும் கடலைப் பார்த்தே நிற்கின்றன. நாம்தான் கொல்லை வழியாக வந்து, வீட்டில் யாரும் நடமாடக் காணோமே, எவ்வளவு அமைதி என்று வியக்கிறோம்.