ஒத்தியும் வாடகையும்

மதுரையில் வில்லாபுரத்திலோ செல்லூரிலோ வீடு தேடி இறங்கினால் தரகர் முதலில் கேட்பது, "ஒத்திக்கா, வாடகைக்கா?" எத்தனை அறை, தண்ணீர் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒத்தி என்றால் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, கெடு முடியும்வரை வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு போவது. வட மாவட்டங்களில் போக்கியம் என்பார்கள்.

இது வயலுக்கும் உள்ள பழக்கம். கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707-இல் டச்சுக்காரர்கள் தொகுத்தபோதே அதில் ஒத்திக்கு விதிகள் இருந்தன. ஆக, ஒத்திக்காரர் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவர். காம்பவுண்டு வீடுகளில் இது நடப்பிலேயே தெரிந்துவிடும்: வாடகைக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கேட்பார், ஒத்திக்காரர் அடித்துவிட்டுச் சொல்வார்.

கணக்குக்கு வருவோம். மாதம் 5,000 வாடகைக்குப் போகும் வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்தி பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 60,000 மிச்சம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. சொந்தப் பணம் வங்கியில் கிடந்தால் அவ்வளவு தராது. அதே 5 லட்சத்தை ரெண்டு வட்டிக்குப் புரட்டினால் மாதம் 10,000 வட்டிக்கே போய்விடும். அதற்கு வாடகை வீடு இரண்டு எடுக்கலாம். இந்தக் கணக்குத் தெரியாமல் யாரும் நகையை அடகு வைத்து ஒத்திக்குப் போவதாக நான் நினைக்கவில்லை. வாரக்கூலி வாங்கும் கொத்தனாருக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது, ஒண்ணாம் தேதி மட்டும் தவறாமல் வரும். கையில் இருந்தால் கரைந்துவிடும் பணம் வீட்டுக்காரரிடம் கிடக்கட்டும் என்பவர்களும் உண்டு. சேமிப்பில் இதுவும் ஒரு வகைதான்.

வாடகைக்காரர் மாதாமாதம் இழக்கிறார்; ஆனால் ஒரேயடியாக இழப்பதற்கு அட்வான்ஸைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை. 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. ஒத்திக்காரரின் முதல் முழுவதும் பத்திரத்தில் தொங்குகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத் தீர்வைக்குப் பயந்து பலர் சாதாரண முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி எழுதிய ஒத்தி வில்லங்கச் சான்றிதழில் ஏறாது. வீடு கைமாறினால் புதிதாக வாங்கியவரிடம் வாயாடத்தான் முடியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கெடு முடிந்த பிறகுதான். வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ செலவழித்திருப்பார். "அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தந்துடுறேன்" என்பார். தென் கொரியாவில் 'சொன்செ' என்ற பெயரில் ஏறக்குறைய இதே முறை பெரிய அளவில் நடக்கிறது. அங்கே இந்தச் சங்கிலி அறுந்து, பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்காக 2023-இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. மதுரையில் சங்கிலி அறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை ஒத்திக்காரர் தலையில் விழுகிறது. வீடு பார்க்க வருபவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, "போர் தண்ணி நல்லா இருக்கும், காத்து அள்ளும்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் வீட்டுக்காரர் அல்ல, காலி செய்யக் காத்திருப்பவர்.