அரளியும் டிஜாக்சினும்: அளவு வகுத்த பாதை

காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதிக்குப் போகிறவர்கள் கையில் செவ்வரளி மாலை இருக்கும். அந்தச் செடியில் உள்ள ஒலியாண்ட்ரினும், வேலியோரம் நிற்கும் மஞ்சள் அரளியின் விதையில் உள்ள தெவெட்டின், பெருவோசைடு ஆகியவையும், ஐரோப்பாவின் டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து எடுக்கும் டிஜாக்சினும் ஒரே வேதிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இதயத்தசை அணுவிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்பை இவை தடுக்கின்றன. அதனால் உள்ளே கால்சியம் பெருகி, தசை வலுவாகச் சுருங்குகிறது. நாடியும் நிதானப்படுகிறது. அளவு மிஞ்சினால் அதே வழியில் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகிறது. இப்படி ஒரே வேலையைச் செய்யும் செடிகளில் ஒன்று மருந்துக்கடைக்கும் மற்றவை நஞ்சுப் பட்டியலுக்கும் போனது ஏன்?

நம்மவர்களுக்கு இதன் வீரியம் தெரியாது என்பது சரியான விடை அல்ல. சுசுருத சங்கிதை வேர் நஞ்சுகளின் வரிசையில் சேர்த்திருக்கும் ‘அச்வமாரக’ அரளிதான். குதிரையைக் கொல்வது என்று பெயரே சொல்கிறது. இல்லாமல் போனது, எவ்வளவு கொடுத்தால் குணம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கு. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் அதைத்தான் செய்தார். 1775-இல் உடல்வீக்கத்துக்கு ஒரு மூதாட்டி தந்துவந்த கைமருந்து அவர் பார்வைக்கு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த அந்தக் கலவையில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்று கண்டார். பத்து ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்து 1785-இல் நூலாக்கினார். பலிக்காத நோயாளிகளையும் அதில் மறைக்காமல் எழுதினார். கண்டுபிடிப்பைவிட அந்த நேர்மையே பெரிது என்பேன். 1930-இல் சிட்னி ஸ்மித் டிஜாக்சினைப் பிரித்தெடுத்த பிறகு, இலைத்தூளின் இடத்துக்கு மில்லிகிராம் கணக்கு வந்தது.

அரளி இந்த வரிசைக்குப் பிந்தி வந்தது. கல்கத்தாவில் சோப்ராவும் முகர்ஜியும் தெவெட்டினை ஆராய்ந்து 1933-இல் எழுதினார்கள். அரோரா குழுவினர் பெருவோசைடை இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1967-இல் குறிப்பு வெளியிட்டார்கள். அதற்குள் டிஜாக்சின் ஒரு தலைமுறையாக வார்டுகளில் பழகிவிட்டது. அரளி இயல்பிலேயே ஆபத்தானது, அதனால்தான் ஒதுக்கப்பட்டது என்று சிலர் மறுக்கலாம். விதைக்கு விதை நஞ்சின் அளவு மாறுவது உண்மைதான். ஆனால் டிஜிட்டாலிஸ் இலையும் அப்படியே மாறியது. டிஜாக்சினுக்கும் இடைவெளி குறுகலே. இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நன்மை, இரண்டைத் தாண்டினால் தொல்லை. ஆகவே இரண்டையும் பிரித்தது செடியின் குணம் அல்ல, அளவும் முந்திக்கொண்ட காலமும்தான்.

அரளிக்கும் டிஜிட்டாலிஸுக்கும் உள்ள உறவுக்கு இலங்கையில் வலிமிகுந்த சான்று கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் மஞ்சள் அரளி நஞ்சால் பாதிக்கப்பட்ட 170 பேரைப் பற்றிய ஆய்வு 1988-இல் வந்தது. 2000-இல் கொழும்பில், டிஜாக்சினுக்கு எதிராகச் செம்மறியாட்டில் உருவாக்கிய எதிர்ப்புரதத்தை அரளி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 34 பேரில் 15 பேருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இதயத்துடிப்பு முழுமையாகச் சீரானது. பெறாத 32 பேரில் இருவருக்கே அப்படி ஆனது. ஐரோப்பியச் செடியின் முறிமருந்து நம் வேலியோரச் செடிக்கும் பலித்தது. அதன் விலைதான் தடை. அரளி வேலிகள் நிறைந்த தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இம்மருந்து இருப்பில் இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.