ஸ்பென்சரும் ஏரி வாரியமும்

சிங்கப்பெருமாள் கோவில் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே பயணித்தால், கத்திப்பாராவுக்குப் பின் அது அண்ணா சாலையாகிறது. பழைய மவுண்ட் ரோடுதான் அது. அச்சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்துக்கு அருகே நிற்கிறது ஸ்பென்சர் பிளாசா. ஒரகடம், மறைமலைநகர் தொழிற்சாலைகளை நம்பி நம் பகுதியில் கடைகள் பெருகிவரும் இந்நாளில், அவ்வளாகம் எழுந்து தளர்ந்த வரலாற்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

1863-64இல் சார்லஸ் டுரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் ஆகிய இருவரின் பெயரோடு தொடங்கிய வணிகம் அது. பின்னர் யூஜின் ஓக்‌ஷாட் என்பாரின் கைக்கு வந்து வளர்ந்தது. 1895இல் எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளைக் கொண்ட பேரங்காடியாயிற்று. இந்தியத் துணைக்கண்டத்தில் இவ்வகை அங்காடிகளுள் இதுவே முதலாவது என்பர். டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த இந்தோ-சாரசெனிக் கட்டடம் அதற்கு இல்லமாயிற்று. பிரிவுகள் பல, உரிமை ஒன்று. இதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

1983இல் அக்கட்டடம் தீக்கிரையானது. இரண்டே ஆண்டுகளில், 1985 மே மாதத்தில், மூர் மார்க்கெட்டும் எரிந்தது. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. ஸ்பென்சர் இருந்த ஏறத்தாழப் பத்து ஏக்கரிலோ மீண்டும் அங்காடியே எழுந்தது. பொருளாதாரத் தாராளமயம் தொடங்கிய 1991ஆம் ஆண்டிலேயே புதிய ஸ்பென்சர் பிளாசா திறக்கப்பட்டது. குளிரூட்டப்பட்ட கூடங்களும் நகரும் படிக்கட்டுகளும் சென்னைவாசிகளை ஈர்த்தன. லேண்ட்மார்க் புத்தகக் கடையும், மியூசிக் வேர்ல்டும், காஷ்மீரக் கைவினைக் கடைகளும் ஒரே கூரையின் கீழ் அமைந்திருந்தன.

ஆனால் இம்முறை கூரை ஒன்று, உரிமை பல. வளாகத்தின் பல கடைகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டன. கட்டுவோருக்கு முதல் விரைவில் கைக்கு வந்தது. சிறு வணிகருக்கும் அண்ணா சாலையில் சொந்தக் கடை வாய்த்தது. அன்றைய நிலையில் இது இருதரப்புக்கும் நன்மையாகவே தோன்றியது.

2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூவும் 2013இல் வேளச்சேரி ஃபீனிக்ஸும் திறக்கப்பட்டபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. அவற்றில் கடைகள் பெரும்பாலும் வாடகைக்கே விடப்பட்டன. எந்தக் கடை எங்கே இருப்பது என்பதை ஒரே நிர்வாகம் முடிவு செய்தது. ஸ்பென்சரில் அது இயலவில்லை. கூட்டம் புதிய இடங்களை நோக்கிச் சென்றது. கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2019 பிப்ரவரியில் எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டு, வருவது எளிதான பின்னும் பழைய பொலிவு திரும்பவில்லை. புதுப்பிக்கும் பேச்சு அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாகவே இருந்துவருகிறது. பல வீட்டார் நீர் இறைக்கும் கிணற்றைத் தூர்வார ஆள் கிடைக்காத கதைதான் இது.

மினியாபொலிஸ் புறநகரில் 1956இல் திறக்கப்பட்ட சௌத்டேல், அமெரிக்காவின் முன்னோடி வணிக வளாகம். அது பலமுறை மாற்றியமைக்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. அதற்காக ஒற்றை உரிமையே தீர்வு என்று நாம் கூற வரவில்லை. ஒற்றை முதலாளியின் வளாகத்தில் சிறு வணிகர் என்றும் வாடகைதாரரே. பலர் சேர்ந்து உடைமை கொள்வது குற்றமன்று. அதைப் பேண ஓர் ஒழுங்கு இல்லாததே குறை.

அவ்வொழுங்கைத் தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் ஊருக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. பலருக்கும் பயன்தரும் ஏரியைப் பேண, குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 360 நாள்கள் பணிபுரிந்தனர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வுக்கு உரியவராகார். 2022இல் தமிழ்நாடு இயற்றிய அடுக்கக உரிமைச் சட்டமும் மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. பழைய அறிவு புதிய சட்டத்தில் தாமதமாக எட்டிப்பார்க்கிறது எனலாம்.

ஜி.எஸ்.டி. சாலையோரம் நாளை எழவிருக்கும் வளாகங்களில் சேமிப்பைக் கொட்டிக் கடை வாங்குவோர் நம்மவர்களாகவே இருப்பர். எத்தனை சதுர அடி, என்ன விலை என்று கேட்குமுன், இக்கட்டடத்துக்கு வாரியம் உண்டா, அது யாருக்குக் கணக்குக் காட்டும் என்று அவர்கள் கேட்கவேண்டும்.