துலக்குதலும் தேய்மானமும்

ஓர் உலோகம் சமையலறைக்குள் நுழைந்த தேதியைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் குறித்துவிடுகிறார்கள். அதைத் துலக்கிய கைகள் என்ன செய்தன என்பதில் அவர்களுக்கு அக்கறையில்லை. எனக்கு இரண்டாவது விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு புதிய பொருளை நாம் புரிந்துகொண்டோமா என்பது அதை வாங்கிய அன்று தெரிவதில்லை. அது கறுத்த பிறகு எதைக்கொண்டு தேய்க்கிறோம் என்பதில் தெரிந்துவிடும். பழைய அலுமினியச் சட்டிகள் இதற்குச் சாட்சி.

1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்காக 100 அவுன்ஸ் அலுமினியத்தில் ஒரு சிறு கூர்முனையை வார்த்தார்கள். அன்று அதன் விலை ஏறக்குறைய வெள்ளியின் விலை. 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்ஸில் பால் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் ஒரே வழியைக் கண்டார்கள். விலை சரிந்தது. 1890-களிலேயே ஒஹையோ மாநிலத்தின் சிட்னி ஊரில், இரும்புச் சட்டி வார்த்துக்கொண்டிருந்த வாக்னர் கம்பெனி அலுமினியத்தையும் வார்க்கத் தொடங்கிவிட்டது. 1898-ல் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திர வேலையை ஆரம்பித்தார். 1903-ல் அது இந்தியன் அலுமினியம் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

இரண்டு இடத்திலும் உலோகம் புதிது, கைகள் பழையவை. அமெரிக்கச் சமையலறையின் முந்தைய உலோகம் இரும்பு. கறுத்துப் பொருக்குத் தட்டிய இரும்புச் சட்டியை நெருப்பில் போட்டு எரிப்பார்கள். அல்லது காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவார்கள். நமக்குப் பித்தளையும் வெண்கலமும். ஆகவே புளியும் சாம்பலும். அலுமினியம் 660 டிகிரி செல்ஷியஸில் உருகிவிடும். இரும்பைப்போல முன்கூட்டிச் சிவந்து எச்சரிக்காது. காஸ்டிக் சோடாவில் அது ஹைட்ரஜனாக நுரைத்துக்கொண்டு கரையும். சாம்பலின் குணமும் காரம்தான். அதே காரியத்தை அது சாவகாசமாகச் செய்கிறது. ஒஹையோக்காரியும் நம் பாட்டியும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவரும் முந்தைய உலோகத்தின் ஞாபகத்தோடு இந்த உலோகத்தைத் தொட்டார்கள்.

அலுமினியத்தின் கறுப்பு பெரும்பாலும் அழுக்கு அல்ல. காற்றுப் பட்ட கணத்திலேயே அதன்மேல் ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டாகிறது. காரமான தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அந்தப் படலம் தடித்து நிறம் மாறுகிறது. புளித்தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் வெளுக்கிறது. அழுக்குப் போயிற்று என்கிறோம். போனது படலமும் அதோடு துளி உலோகமும். இரும்புநார்ச் சோப்பான பிரில்லோ 1913-லும், எஸ்.ஓ.எஸ். 1917-லும் அமெரிக்காவில் வந்தவை. இரண்டாவது, வீடு வீடாக அலுமினியம் விற்ற ஒருவர் கையோடு கொண்டுபோன இனாம். ‘எங்கள் சட்டிகளைக் காப்பாற்றுங்கள்’ என்ற பெயரை வைத்தவர் அவர் மனைவி. பளபளப்பு விற்பனைக்காரனின் வாக்குறுதி. அதைத் தினமும் நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் அடுப்பங்கரையில் நிற்பவளுக்கு.

என்னிடம் ஒரு வார்ப்புச் சட்டி இருக்கிறது. வெந்நீரும் சோப்பும் விட்டு ஊறவைத்து, எண்ணெய்ப் பொருக்கை மரக் கரண்டியால் சுரண்டினேன். புளித்தண்ணீரை ஒரு கால்மணி காய்ச்சிக் கொட்டினேன். உப்புத்தண்ணீர் தங்கி அரித்த குழிகள் அப்படியே இருந்தன. அவை மறையும்வரை தேய்ப்பதென்றால் மணல் அச்சு விட்டுப்போன சொரசொரப்பும் அடியில் இருக்கும் கம்பெனிப் பெயரும் சேர்ந்தே போகும். அங்கே நிறுத்திக்கொண்டேன். பழைய பிரதிகளைச் ‘செம்மை’ செய்கிற நம் பதிப்பாசிரியர்கள் எங்கே நிறுத்துகிறார்கள் என்று யோசித்ததுண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பித்தளைக்கு எதிராக அலுமினியத்துக்குச் சொல்லப்பட்ட பெரிய சிபாரிசு, ஈயம் பூச வேண்டாம் என்பது. அது வெள்ளீயம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இண்டாலியம், ஹிண்டாலியம் என்ற பெயர்களில் இறக்குமதியான சில பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் கசியக்கூடும் என்று எச்சரித்தது. கண்ட உலோகக் கழிவையும் உருக்கி வார்த்தால், காரீயம் பூச்சாக மேலே இராது, உலோகத்துக்குள்ளேயே கலந்திருக்கும். எந்தப் புளிக்கும் எந்த நாருக்கும் அது எட்டாது. நன்றாகத் துலக்கிய சட்டி கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான்.

எந்தக் கழிவிலிருந்து வார்த்தது என்று தெரியாத சட்டியை நான் துலக்குவதில்லை. அதில் சமைப்பதும் இல்லை.