மலையினுள் ஏறும் நீர்: மத்திய மலைநாட்டு மண்சரிவுகள் பற்றி ஓர் ஆய்வு

மழை பெய்தது, மலை சரிந்தது என்று இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும், மழைநீர் நிலத்தில் விழுவதற்கும் சரிவு நகர்வதற்கும் இடையே, மண்ணின் உள்ளே, கண்ணுக்குப் புலனாகாத காரியம் ஒன்று நடைபெறுகிறது. அதனை அளந்தறியாமல் வானத்தின் வரவை மட்டும் அளந்துகொண்டிருப்பது, நுவரெலியா, அட்டன் பிரதேசங்களின் லயங்களில் வாழும் தோட்டத் தொழிலாளருக்குப் போதிய காப்பாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சரிவிலுள்ள மண்ணைக் கீழிறங்காமல் நிறுத்திவைப்பது, பெரும்பாலும், துணிக்கையோடு துணிக்கை அழுந்துவதால் விளையும் உராய்வே. துணிக்கைகளுக்கிடையிலுள்ள நுண்துளைகள் ஓரளவே நனைந்திருக்கும்போது நீரின் உறிஞ்சுவிசை அவற்றை மேலும் இறுகப் பிடிக்கிறது; துளைகள் நிரம்பியதும் அப்பிடி நீங்கி, நீர் தானே துணிக்கைகளை விலக்கித் தாங்கத் தொடங்குகிறது. மண்ணின் மொத்தப் பாரத்திலிருந்து இந்த நீரழுத்தத்தைக் கழித்தபின் எஞ்சுவதே உராய்வுக்குப் பயன்படுகிறது என்பதை 1920களில் கார்ல் தெர்சாகி நிலைநாட்டினார். கனமீற்றருக்கு 18 கிலோநியூட்டன் எடையுள்ள மண்ணில், 10 மீற்றர் ஆழத்தில், மொத்த அழுத்தம் ஏறக்குறைய 180 கிலோபஸ்கால். நிலத்தடி நீர் மேற்பரப்புவரை எழுந்துவிட்டால் அதில் 98 கிலோபஸ்காலை நீரே ஏற்றுக்கொள்கிறது. மண்ணின் எடை ஏறக்குறைய அவ்வாறே இருக்க, அதன் உராய்வுப் பலமோ பாதிக்கும் கீழாகிவிடுகிறது.

இங்கே காலம் என்பது பெரிதும் கவனிக்கத்தக்கது. மேற்பரப்பிலிருந்து நீரழுத்தம் ஆழத்துக்குப் பரவ எடுக்கும் காலம் ஆழத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ரிச்சட் ஐவர்சன் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இந்நியதியை மண்சரிவுக்குப் பொருத்திக் காட்டியது. ஒரே வகை மண்ணில் 2 மீற்றர் ஆழத்தை ஒரு நாளில் எட்டும் அழுத்தம், 10 மீற்றர் ஆழத்தை எட்ட 25 நாட்கள் ஆகும். இலங்கையில் மண்சரிவை முன்கூட்டி எச்சரிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமோ 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற மழை அளவுகளைக் கொண்டு படிப்படியாக அபாய அறிவிப்புகளை விடுக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்ததைப் போன்ற பெருமழையில் ஆழமற்ற சரிவுகள் உடனுக்குடன் இறங்குவதால், அவ்வளவுகள் அவசியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆழமான சரிவு, மழை விட்டு வெயில் எறித்து, முகாம்களுக்கு இடம்பெயர்ந்த மக்கள் லயத்துக்குத் திரும்பிய பின்னரும் நகரக்கூடும். வெடிப்புகள் விழுந்த நிலத்திலோ கணக்கு வேறு. நீர் அவற்றின் வழியே நேராக அடிப்பகுதியிற் பிரவேசித்துவிடும்.

சரிவை நகர்த்துவது மண்ணினுள் ஏறும் நீரே என்பதற்குப் பிரத்தியட்சமான சான்று அட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளை. தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் அவ்விடம் இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. 1990களின் தொடக்கத்தில், பழைய சரிவுகளால் வந்து குவிந்த மண்திரள் மீண்டும் அசைந்து புகையிரதப் பாதையைக் குலைத்தது. பின்னர் அம்மண்திரளினுள் நீண்ட வடிகாற் குழாய்கள் துளைத்துச் செலுத்தப்பட்டு நிலத்தடி நீர் வெளியேற்றப்பட்டது. மழை குறைந்துவிடவில்லை, மலையின் சாய்வும் மாறவில்லை. நீர் இறங்கியதும் நகர்வு தணிந்தது. நோயின் மூலம் எதுவென்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனை வேறொன்று வேண்டியதில்லை.

தோட்டங்களில் நீரை வெளியேற்றும் வேலை புதியதன்று. தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, மழைநீரை ஓடைக்குத் திருப்பும் வழக்கம் பெருந்தோட்டக் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் பராமரிப்புக் குன்றிய கான் அபாயத்தைத் தணிப்பதற்குப் பதிலாகப் பெருக்குகிறது. மண்ணும் சருகும் அடைத்த கானில் தேங்கும் நீர், ஓடவேண்டிய வழியை விட்டு, அடிமண்ணில் ஊறிப்போகிறது. லயங்கள் பலவும் பீலித் தண்ணீருக்கு அண்மையில், இரு மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்வில் அமைந்தவை. நீர் கிடைக்கும் வசதி கருதித் தெரிந்த அவ்விடங்களே நிலத்தடி நீர் வந்து கூடும் இடங்களும் ஆகும். இவ்வாறு நீர் கூடுவதன் அறிகுறியாக, வழக்கமாகத் தெளிந்து வரும் பீலி கலங்குவதையோ, சுவரோரத்தில் புதிய ஊற்றுக் கசிவதையோ முதலிற் காண்பவர்கள் அங்கு வசிக்கும் பெண்களே.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தபோது, அவ்விடம் அபாயமானதென்று 2005 இலும் 2011 இலும் அறிவிக்கப்பட்டிருந்த செய்தி வெளிப்பட்டது. அறிவிப்பு இருந்தும், குடியிருக்க மாற்று நிலம் இல்லாத மக்களுக்கு அதனால் ஆன பயன் என்ன? நிலம் தமதல்லாதோர் கானைத் திருத்தவும் இயலாது, வேறிடம் பெயரவும் இயலாது. ஆதலால், பாதுகாப்பான காணியை வழங்கும் கடமை அரசுக்கும் தோட்ட நிருவாகங்களுக்கும் உரியது. அது நிறைவேறும்வரை, அபாய வலயத்திலுள்ள ஒவ்வொரு லயத்தொகுதிக்கும் மேலே துளைக்கிணறு ஒன்றில் நீர்மட்டமானி நிறுவி, லயத்து இளைஞர் ஒருவரைக் கூலியோடு அதனை நாளும் வாசிக்கச் செய்து, மே மாதப் பருவமழை தொடங்குமுன் கான்களைத் துப்புரவாக்குதல் வேண்டும். மழை ஓய்ந்தபின்னும் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில், முகாமிலுள்ளோரை வீட்டுக்கு அனுப்பும் முடிவு மழைமானியைக் கொண்டன்று, அக்கிணற்றின் அளவைக் கொண்டே எடுக்கப்படல் வேண்டும்.