அப்பாவின் தலைக்குள் இருந்த புத்தகம்

நெடுஞ்சாலையில் தூரப் பயணம் போய் வந்தவர்கள் ஒப்பிட்டுப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். எந்த ரோடு வழவழப்பு, எங்கே கழிப்பறை சுத்தம், எந்த ஓட்டலில் இட்லி சூடு என்று பேசுவார்கள். எங்கப்பாவும் ஒப்பிட்டுத்தான் பேசுவார். ஆனால் அவர் கணக்கே வேறு. "இந்தக் கடையில நிறுத்தலாம், ஒண்ணியும் கேக்க மாட்டான். அடுத்த கடையில எறங்காத."

ராயபுரத்துக்காரர். கிளீனராக வண்டி ஏறி, டிரைவராகி, இருபத்தைந்து வருஷம் ஜி.என்.டி. ரோட்டில் ஓடினார். வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'வடக்குப் பெருவழி'. பின்னால் அது தேசிய நெடுஞ்சாலை 5 ஆனது, 2010இல் 16 ஆனது. எண் மாறிய கதை அரசாங்கத்தில் எழுதியிருக்கிறது. அப்பா சொன்ன கதை எங்கும் எழுதப்படவில்லை. எனவே இங்கே எழுதுகிறேன்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது ராணி மங்கம்மாள் சாலை போட்டார், சத்திரம் கட்டினார் என்று நானும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். சத்திரத்துத் திண்ணையில் யார் உட்காரலாம், யாருக்கு எங்கே இலை போட்டார்கள் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை. நாட்டில் இருந்த சத்திரங்கள் பலவும் சாதி பார்த்துச் சோறு போட்டவை. சேரி ஆள் வாசலோடு சரி. நம் ஆளுக்கு வழியில் கிடைத்தது சுமைதாங்கிக் கல். நட்ட இரண்டு கல், மேலே படுத்த ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக நிறுத்துவார்கள். தலைச்சுமையை அதில் இறக்கலாம். சுமை இளைப்பாறியது, சுமந்தவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

எங்கள் பக்கத்திலேயே ஒரு சத்திரம் உண்டு. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம். அந்தக் கஞ்சித்தொட்டியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எங்க ஆயா கடைசிவரைக்கும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொன்னது.

சாலையில் நடக்கிற உரிமையையே நாம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவுக்காகப் போராட்டம் நடந்த அதே 1924இல், சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லாவற்றையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் குடியுரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, சாலை என்று பேர் சொல்லியே எழுதியது. ரோடும் டீக்கடையும் அரசியல் சட்டத்தில் ஏறி உட்கார வேண்டிய நாடு இது என்பதை யோசித்துப் பாருங்கள்.

1901இல் சிறுவன் அம்பேத்கர், அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் கோரேகாவ் புறப்பட்டார். மசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் வண்டிக்காரர்கள் இவர்களை ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரண்டு மடங்கு கூலி வாங்கிக்கொண்டு ஒருவன் சம்மதித்தான். அதுவும் பிள்ளைகளே மாட்டை ஓட்டினால். இரவு சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்டார்கள். முஸ்லிம் என்று சொல்லிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கையில் சாப்பாடு இருந்தும், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பட்டினியாகப் படுத்தார்கள். இதை அண்ணல் தாமே எழுதிவைத்திருக்கிறார். சுங்கச்சாவடி என்ற சொல்லைக் கேட்டால் மற்றவர்களுக்குக் காசு ஞாபகம் வரலாம். எனக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது.

அம்பேத்கரின் பிள்ளைகள் 'முஸ்லிம்' என்று சொன்ன இடத்தில் எங்கப்பா 'மெட்ராஸ்' என்று சொன்னார். "இன்னா ஆளுன்னு கேட்டா மெட்ராஸும்பேன். அதுக்கும் மேல நோண்டுனா, டீயே வேணாம்னு வண்டிய எட்த்துருவேன்." பட்டணத்துப் பேர் பல வருஷம் அவரைக் காப்பாற்றியது. ஒருமுறை கூட வந்த லோடுமேன் பேச்சுவாக்கில் சேரிப் பேரைச் சொல்லிவிட்டான். அன்றைக்குக் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். டீ வெளியே வந்தது, வேறு கிளாஸில். அதற்கப்புறம் அப்பா சீட்டுக்கு அடியில் சொந்தமாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொண்டார். அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் காரில் தூரம் போனால் எந்த விடுதியில் இடம் தருவான், எங்கே பெட்ரோல் போடுவான் என்று தெரியாது. ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் அதற்கென்றே ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். 1960களின் நடுப்பகுதிவரை அது வந்தது. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தபின் தேவை குறைந்தது. கறுப்பர்களிடம் அந்தப் புத்தகம் அச்சில் இருந்தது. நம்மிடம் அது லாரிக்காரர்களின் தலைக்குள் இருந்தது. ஆள் போனால் புத்தகமும் போய்விடும்.

சாதி மட்டும்தானா என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்டியரிங் பிடிப்பவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. எண்ணூரில் 1949 முதல் வண்டி செய்கிறார்கள். அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955 தொடங்கித் திருவொற்றியூர் புல்லட் செய்தது. நாடு முழுக்கப் பயணம் போக வண்டி கொடுத்த மண் இது. 2003இல் எனக்குப் பதினாலு வயசு. எண்ணூர் ரோட்டில் பெட்டி ஏற்றிய டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. அப்பா இரண்டாவது நாளாக அந்த வரிசையில். தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போனேன். கழிப்பறை இல்லை, குழாய் இல்லை. படுக்க வண்டிக்கு அடியில்தான் நிழல். இராத்தங்கும் இடத்தில் ஓட்டுநருக்கு ஓய்வறை வேண்டும் என்று சொன்ன மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டம் எங்கப்பாவின் வண்டிக்கு அடியில் வந்து ஒருநாளும் படுக்கவில்லை.

இதையும் சாதியையும் பிரிக்க முடியாது என்றே நினைக்கிறேன். சுமப்பவனுக்கு நிழலும் தண்ணீரும் தேவை என்று தோன்றாத மனசு சுமைதாங்கிக் காலத்திலிருந்தே வருவது. 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலையின் ஒரு முனை சென்னை. 2025 அக்டோபரிலிருந்து செய்யப்படும் லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏசி கட்டாயம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கீழே இறங்கினால் என்ன? 'இன்னா ஆளு' என்று கேட்காத கடை எத்தனை மைலுக்கு ஒன்று? பெண் ஒருத்தி பயமில்லாமல் ஒதுங்க எங்கே இடம்? சாலையை ஒப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்க்கட்டும்.

இப்போது அப்பா வண்டி ஓட்டுவதில்லை. சாயங்காலத்தில் அவரையும் கூட்டாளிகளையும் உட்கார வைத்து, மாதவரம் தொடங்கிக் கடை கடையாக எழுதி வருகிறேன். நோட்டைப் பார்த்து அப்பா கேட்டார்: "இத்த எழுதி இன்னாடா பண்ணப்போற? அந்தக் கடைங்க பாதி ரோடு போடறப்ப இடிச்சிட்டாங்க."

இடித்தது கடையைத்தான் அப்பா, சொல்லு, அடுத்தது எந்தக் கடை?